பி.டி.கே. என்றால் என்ன? தோட்டப் பட்டணத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளின் பகல் பொழுது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் பி.டி.கே. எங்கே இருக்கிறது என்று விசாரித்தால், “அந்த ஓ.கே.யு. ஸ்கூலா?” என்று திருப்பிக் கேட்பார்கள். (ஓ.கே.யு. என்பது மாற்றுத்திறனாளிகளைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கம்.) வழி சரியாகத்தான் சொல்வார்கள்; பெயர்தான் தப்பு. அங்கே பரீட்சை கிடையாது, வகுப்பு ஏற்றம் கிடையாது. டாக்டர் உட்கார்ந்திருக்க மாட்டார். ராத்தங்கலும் இல்லை, பிள்ளை அன்றன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடும். பெமுலிஹான் டாலாம் கொமுனிட்டி என்ற மலாய்ப் பெயரின் சுருக்கம்தான் பி.டி.கே. ஊருக்குள்ளேயே, ஊர்க்காரர்களை வைத்தே நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சி என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

1978-இல் அல்மா-அட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றிப் பேசிய பிறகு, உலக சுகாதார நிறுவனம் இந்த யோசனையைப் பரப்பியது. பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில்தான் கிடைப்பார்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் அவர்கள் காட்டிக்கொடுப்பதைத் தினமும் நாலு மணி நேரம் செய்ய வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் என்ன? யோசனையின் சாரம் இவ்வளவுதான். மலேசியாவில் சமூகநல இலாகா இதை 1984-இல் திரங்கானுவில் உள்ள பத்து ராக்கிட்டில் 55 பிள்ளைகளோடு தொடங்கியது. இன்று எல்லா மாநிலங்களிலும் நிலையங்கள் உண்டு. பிள்ளை நிலையத்துக்கு வருவது ஒரு முறை, பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது இன்னொரு முறை, இரண்டும் கலந்தது மூன்றாவது. படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளையை “நிலையத்துக்குக் கொண்டு வர முடியாதே” என்று பெற்றோர் விட்டுவிடுவதுண்டு. வீட்டுக்கே வரும் முறை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

தோட்டத்துக்காரர்களுக்குப் பகல்நேரப் பராமரிப்பு புதிய சங்கதி இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார் விடிவதற்கு முன்பே குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போன காலம் ஒன்று இருந்தது. தோட்ட முதலாளிகள் குழந்தைக் காப்பகம் வைத்துத் தரவேண்டும் என்ற கடமை 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் ஆயாக்கொட்டகைக்கு ஒரு கணக்கு உண்டு: பிள்ளை நடக்கும், ஓடும், ஒருநாள் பள்ளிக்கூடம் போய்விடும். நாலு வயதிலும் கழுத்து நிற்காத பிள்ளை அந்தக் கணக்கில் வராது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பாட்டியிடம் விடுவார்கள். பாட்டி இல்லாத வீட்டில் அம்மா வேலையை விடுவார். இரண்டும் முடியாதபோது நடப்பதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். இது கல்நெஞ்சால் நடப்பதில்லை, சம்பளம் போய்விடுமே என்ற பயத்தால் நடப்பது.

மூன்று பெயர்ப் பலகைகள், மூன்று விதிகள்

ஊரில் ‘பிள்ளை பார்க்கும் இடம்’ என்று பொதுவாகச் சொன்னாலும் சட்டத்தில் அவை வேறு வேறு. தாஸ்கா என்ற குழந்தைக் காப்பகம் 1984-ஆம் ஆண்டின் 308-ஆம் சட்டத்தின் கீழ் வருவது. நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும். பகல்நேரப் பராமரிப்பு மையம் 1993-ஆம் ஆண்டின் 506-ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. நாலு பேரோ அதற்கு மேலோ, ஒரு நாளில் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளாவது பராமரிக்கப்பட்டால் அந்த இடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். நல்ல மனசோடு வீட்டு முன்கூடத்தில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் இது பொருந்தும். தீயணைப்புத் துறை, நகராண்மைக் கழகம், சுகாதார இலாகா ஆகிய மூன்றின் ஆதரவும் வேண்டும். பெரும்பாலும் இழுத்தடிப்பது கட்டடந்தான்: இரண்டாவது வாசல் இல்லாத கடைவீடு, இரும்புக் கம்பி அடித்த சன்னல். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தீயணைப்புத் துறையிடம் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். பி.டி.கே. மூன்றாவது வகை. அதை உள்ளூர்க்காரர்களின் செயற்குழு நடத்தும். பணியாளர்களின் அலவன்சுக்கும் செலவுக்கும் சமூகநல இலாகா மானியம் தரும்.

பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நேரக் கணக்கு. பயிற்சி நிலையம் காலையில் நாலைந்து மணி நேரந்தான் நடக்கும். தோட்டத்தில் பிரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது) விடியற்காலையிலேயே முடிந்து வேலை தொடங்கிவிடும். எட்டு மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்குச் சாத்தும் இடத்தை நம்பி யாரும் பால் வெட்டவோ செம்பனைக் குலை பொறுக்கவோ போக முடியாது. அதனால்தான் பல ஊர்களில் வேலைக்குப் போகும் தாயைவிட, வேலையை விட்டுவிட்ட தாயின் பிள்ளையே நிலையத்தில் அதிகம் தென்படும். இந்த ஓட்டையை அடைக்கக் காலை ஆறு மணி முதல் எட்டு வரை, மதியம் பன்னிரண்டு முதல் இரண்டரை வரை பராமரிப்பு நேரம் என்று தனியாக நடத்தலாம். அதற்கு ஆள்பலம் வேறாக வேண்டும். பயிற்சிக்கு இருக்கும் அதே இரண்டு பணியாளர்களின் தலையில் இதையும் கட்டினால் மூன்று மாதத்தில் ஒருவர் நின்றுவிடுவார்.

சேர்வதற்கு ஓ.கே.யு. அட்டை வேண்டும். 2008-ஆம் ஆண்டின் 685-ஆம் சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவு அது. கேட்புக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகைக் குறைபாடு என ஏழு பிரிவுகள் உண்டு. விண்ணப்பப் பாரத்தில் டாக்டர் உறுதிப்படுத்த வேண்டும். பிறப்புச் சான்றிதழ், படம் ஆகியவற்றோடு மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். பலர் தடுக்கி விழுவது பிறப்புச் சான்றிதழில்தான். தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதியாவிட்டால் அது தாமதப் பதிவாகிவிடும். பெற்றோரின் திருமணப் பதிவு இல்லாவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். ஆகவே அட்டைக்கு அலைவதற்கு முன் தேசியப் பதிவிலாகாவில் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். வரிசை மாறினால் ஒரே பாரத்தோடு மூன்று அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். பி.டி.கே.யில் பதிந்தவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. பல ஆண்டுகள் அது 150 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது.

அட்டை வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். மூன்று வயதுக்கு முந்தைய மாதங்கள் திரும்பி வராது. அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குவதற்கு அட்டை தேவையில்லை.

உட்காருவதே முதல் பாடம்

நிலையத்துக்கு வரும் பிள்ளைகளில் டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளவர்கள் நடமாடுவார்கள். பார்ப்பதற்கு அதிக வேலை வைப்பது சி.பி. என்று டாக்டர்கள் சொல்லும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளை. பிறப்பை ஒட்டி மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகளுக்குப் போகும் கட்டளை தப்பிப் போகிறது. மூளையின் பாதிப்பு நாளாக ஆகக் கூடுவதில்லை. ஆனால் இறுகிய தசையைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு மடங்கும், இடுப்பெலும்பு விலகும், முதுகு வளையும். பகல்நேரப் பராமரிப்பில் தடுக்கக்கூடியது இந்த இரண்டாவது கேட்டைத்தான்.

இடுப்பு சரியாக அமராவிட்டால் முதுகு நிற்காது. முதுகு நிற்காவிட்டால் தலை நிற்காது. தலை நிற்காத பிள்ளையால் விழுங்கவும் பார்க்கவும் கையை நீட்டவும் முடியாது. அதனால் எல்லாமே நாற்காலியில் தொடங்குகிறது. அளவெடுப்பது கடினமில்லை. பிள்ளையைக் கெட்டியான பெஞ்சில் உட்கார வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் உட்குழி வரை அளந்து 2 முதல் 3 சென்டிமீட்டர் கழித்தால் இருக்கையின் ஆழம். 30 வந்தால் பலகை 27 அல்லது 28. கழிக்காமல் விட்டால் பலகையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தும். பிள்ளை முன்னால் சறுக்கிக்கொண்டே இருக்கும், நாம் தூக்கித் தூக்கி உட்கார வைத்துக்கொண்டே இருப்போம். முழங்கால் உட்குழியிலிருந்து குதிகால் வரை உள்ள அளவு, கால்பலகை இருக்க வேண்டிய தொலைவு. இடுப்பின் அகலத்தோடு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் கூட்டினால் இருக்கை அகலம். முன்னால் மாட்டும் தட்டு முழங்கை உயரத்தில் இருக்கட்டும். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஊர்த் தச்சரே செய்து கொடுப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும்.

வார் கட்டும் இடத்தில் எல்லோரும் தவறு செய்கிறார்கள். வயிற்றைச் சுற்றியோ நெஞ்சிலோ கட்டினால் பிள்ளை அதற்கு அடியில் நழுவி, வார் கழுத்துக்கு வந்துவிடும். இருக்கையும் முதுகுப் பலகையும் சேரும் மூலையிலிருந்து புறப்பட்டு, 45 பாகை சாய்வில், இடுப்பெலும்பின் மேல், தொடை மடிப்பை ஒட்டி வார் போக வேண்டும். தசை இறுகி உடம்பை வில்லாக வளைக்கும் பிள்ளைக்கு இடுப்பு நன்றாக மடங்கியிருந்தாலே பாதி இறுக்கம் தளரும்.

தானமாக வரும் சக்கர நாற்காலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிகைக் காலத்தில் யாராவது நாலைந்து கொண்டுவந்து கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்கான அந்த நாற்காலியின் இருக்கை சுமார் 45 சென்டிமீட்டர் அகலம். பிள்ளையின் இடுப்போ 24. உள்ளே அது ஒரு பக்கம் சரிந்து உட்காரும், தினம் நாலு மணி நேரம் அப்படியே வளரும். வாங்கிவிட்டீர்களா, இரண்டு பக்கமும் கெட்டியான பஞ்சுப் பலகை வைத்து அகலத்தைக் குறையுங்கள். முதுகுக்கும் ஒரு பலகை வையுங்கள். சக்கரம் வைத்த குழந்தை ‘வாக்கர்’ வந்தால் ஏற்காமல் இருப்பதே நல்லது. இறுக்கமான கால் உள்ள பிள்ளையை அது நுனிக்காலில் தள்ளிப் பழக்கும்.

நல்ல நாற்காலியானாலும் அதிலேயே காலை முழுவதும் வைத்திருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை இடுப்பைத் தூக்கிச் சற்று இடம் மாற்றி வையுங்கள். நடுவில் பாயில் குப்புறப் படுக்கை, பக்கவாட்டுப் படுக்கை, பிசியோ சொல்லியிருந்தால் நிற்கும் சட்டத்தில் சிறிது நேரம் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கையிலேயே இருக்கும் பிள்ளையை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். புட்டத்திலோ குதிகாலிலோ சிவந்த இடம் தென்பட்டு, அழுத்தத்தை எடுத்த பிறகும் சிவப்பு மறையாவிட்டால் அது புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது; சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான் வழி.

சோறு ஊட்டுவது

ஆபத்து அதிகமுள்ள வேலை இது. ஆனால் ‘சாப்பாடு கொடுக்கத் தெரியாதா’ என்று எல்லோரும் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான்.

காலை நீட்டி, அதன்மேல் குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்து ஊட்டுவது நம் வீட்டு வழக்கம். விழுங்கத் தெரிந்த கைக்குழந்தை எப்படியோ தப்பித்துக்கொள்ளும். விழுங்குவதில் தடுமாறும் பிள்ளைக்கு அந்த நிலை எமன். தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழல் திறந்துகொள்கிறது. கஞ்சி தன் எடையாலேயே வழிந்து அதற்குள் போகிறது. பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்று உள்வாங்கியபடி, தலை நடுவில் இருக்க வேண்டும். ஊட்டுபவர் எதிரே, பிள்ளையின் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், திரும்பவும் அதே ஆபத்து. கரண்டி தட்டையாக, ஆழம் குறைவாக, கெட்டி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். சில பிள்ளைகள் கரண்டி பட்டதும் தங்களை அறியாமல் கடித்துவிடுவார்கள், எவர்சில்வரில் பல் போய்விடும். கரண்டியை நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து, நேராக வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்துவிட்டால் பிள்ளை உதட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாது. வாய் காலியான பிறகுதான் அடுத்த கரண்டி.

உணவின் பதம் அடுத்தது. பானங்களையும் உணவையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் அனைத்துலக முறை ஒன்று உண்டு. எந்தப் பிள்ளைக்கு எந்த நிலை என்று பேச்சுப் பயிற்சியாளர் எழுதிக் கொடுப்பார். சமையலறைச் சுவரில் பிள்ளையின் பெயருக்கு எதிரே அந்த எண்ணை ஒட்டி வைக்க வேண்டும். நிலை 4 என்றால் மசித்த கூழ்: கரண்டியைச் சாய்த்தால் ஒரே கட்டியாக வழுக்கி விழ வேண்டும், கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டால் தொண்டையிலும் ஒட்டும். நிலை 5-இல் சிறுவர்களுக்கு உணவுத் துணுக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நிலை 6-இல் 8 மில்லிமீட்டர்.

இந்த எண்களை நம் சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் விளங்கும். ரசம் சோறு மென்மையானது, ஆகவே எளிது என்று நினைப்போம். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அது மிகக் கடினமான உணவுகளில் ஒன்று. ரசம் ஓடிவிடும், சோறு பின்தங்கும். ஒரே வாயில் இரண்டு வேகம். மைலோவில் நனைத்த பிஸ்கட், சூப்பில் போட்ட மீ (நூடுல்ஸ்), சாம்பாரில் மிதக்கும் இட்லி எல்லாமே இந்த ரகந்தான். சோற்றைப் பருப்போடு குழைத்து, தண்ணீர் பிரிந்து நிற்காதபடி பிசைந்தால் அதே சாப்பாடு பாதுகாப்பாகிவிடும். சிறிது நேரம் வைத்த பிறகு தட்டின் ஓரத்தில் தண்ணீர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் திரும்பப் பிசைய வேண்டும். மீன் உருண்டை, முழுத் திராட்சை, லோங்கான் பழம், ஜெல்லி ஆகியவை மையத்துக்குள்ளேயே வரக்கூடாது. பிறந்தநாள் கொண்டாட வரும் விருந்தாளிகளிடம் இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊட்டும்போது இருமல், கண்ணில் நீர், குரலில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற ஒலி, உதட்டில் நீலம் இவற்றைக் கண்டால் நிறுத்துங்கள். இருமாத பிள்ளை நன்றாக விழுங்குகிறது என்று நம்பிவிடவும் கூடாது. சிலருக்கு உணவு மூச்சுக்குழலுக்குள் போனாலும் இருமலே வராது. அடிக்கடி காய்ச்சல், வருடத்தில் இரண்டு மூன்று முறை நெஞ்சுச் சளியோடு வார்டில் சேர்க்கை என்றிருந்தால் விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். பசியாறியதும் பாயில் போட்டுவிட்டால் வயிற்றில் உள்ளது மேலே ஏறும்.

ஆள் கணக்கையும் இங்கேதான் போட வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று பணியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு ஊட்ட வேண்டும், ஒருவருக்கு அரை மணி. மொத்தம் இரண்டு மணி நேர வேலை. இரண்டு பேர் ஊட்டினால் ஒரு மணி நேரம். அந்த நேரம் முழுவதும் மீதி பத்துப் பேரை ஒரே ஒருவர் பார்க்க வேண்டும். அதில் ஓடும் பிள்ளை ஒன்று இருந்தால் போதும், ஊட்டல் அவசரமாகிவிடும். உதவிக்கு வர விரும்பும் ஊர்க்காரர்கள் காலை ஒன்பது மணிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருவார்கள். ஆள் பற்றாக்குறை என்னவோ பதினோரு மணிக்கு.

கழிவறையும் பேச்சும்

கழிவறைப் பழக்கத்துக்குப் பள்ளிக்கூடத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1997-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவியில்லாமல் தன்னைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளையைத்தான் படிக்கத் தகுதியான பிள்ளை என்று வரையறுத்தன. பின்னர் 2013-இல் புதிய விதிகள் வந்தன, 2019 முதல் எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்ற கொள்கையும் வந்தது. இருந்தாலும் பெம்பர்ஸ் (டயப்பர்) இல்லாமல் வரும் பிள்ளைக்கு வாசல் சீக்கிரம் திறக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

முதல் ஐந்து நாள் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு நனைந்தது, எத்தனை மணிக்குக் குடித்தது. பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் உட்கார வைக்க வேண்டும், ஐந்து நிமிடம் போதும். மலம் கழிக்கச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அரை மணி நேரமே நல்ல நேரம், வயிறு நிறையும்போது குடல் தானாக அசையும். பாதம் தரையிலோ முக்காலியிலோ ஊன்றியிருக்க வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது. மூன்று நாளாக மலம் போகவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மலச்சிக்கலைக் கவனியுங்கள். வீட்டில் பெம்பர்ஸ், நிலையத்தில் கழிவறை என்று இரண்டு சட்டம் இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பேச்சு வராத பிள்ளைக்குப் பேச ஒன்றும் இல்லை என்று நினைப்பது பெரிய அநியாயம். தண்ணீர், போதும், இன்னும், வலி, கழிவறை என்று ஐந்து படங்களோடு தொடங்குங்கள். அந்தப் பிள்ளை குடிக்கும் அதே தம்ளரைப் படம் எடுத்து ஒட்டினால் இன்னும் நல்லது. வீட்டில் தமிழ், நிலையத்தில் மலாய் என்றிருப்பதால் பிள்ளை குழம்பும் என்று பயந்து தமிழை நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. அம்மாவுக்குச் சரளமாக வரும் மொழியை நிறுத்தினால் பிள்ளையோடு பேச்சே குறைந்துவிடும். படத்துக்குக் கீழே இரண்டு மொழியிலும் எழுதி வைத்தால் பணியாளரும் பாட்டியும் ஒரே படத்தைக் காட்டுவார்கள்.

காய்ச்சல், வலிப்பு, மழை

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி வைத்து, மணி பாருங்கள். வாயில் கரண்டி, கையில் சாவி, முகத்தில் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தால் 999. ஆம்புலன்ஸ் தோட்டத்துச் சடக்கை (சாலையை) கண்டுபிடித்து வர நேரமாகும் என்பதால், நிலையத்தின் முகவரியையும் அருகிலுள்ள கோயிலையோ பள்ளியையோ அடையாளமாகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயர்கூட நினைவுக்கு வராது.

கை, கால், வாய்ப் புண் நோய் பரவினால் நிலையத்தையே மூட வேண்டியிருக்கும். அந்தக் கிருமிக்குச் சாராயம் கலந்த கைச்சுத்திகரிப்பான் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். பொம்மைகளுக்கு 5.25 விழுக்காட்டு வெளுப்பு நீரில் 20 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, கழுவி வெயிலில் காய வையுங்கள். அன்றன்றைக்குக் கலந்ததையே பயன்படுத்த வேண்டும், நேற்றைய கலவைக்கு வீரியம் போயிருக்கும். வேறு எந்தச் சுத்திகரிப்பு மருந்தோடும் அதைச் சேர்க்காதீர்கள்.

கட்டடம் தரைத்தளமாக இருக்கட்டும். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு: படி 15 சென்டிமீட்டர் உயரமென்றால் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம். இடமில்லை என்று ஒரு மீட்டரில் முடித்துவிட்ட சாய்தளத்தில் மழைநாளில் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவு 90 சென்டிமீட்டர், கழிவறைக்குள் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர். புதிர்த்துண்டு போல இணையும் ரப்பர் பாய் மலிவுதான். ஆனால் காலை இழுத்து நடக்கும் பிள்ளை அதன் இணைப்பில் இடறும், அடியில் ஈரம் தங்கும். அதைவிட ஒரே துண்டாக விரியும் பாய் நல்லது.

வேன் இல்லாத நிலையம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே பயன்படும். பத்து கிலோமீட்டர் உள்ளே, செம்மண் சடக்கு முடியும் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் பிள்ளைக்கே நிலையம் அதிகம் தேவை, ஆனால் அடைமழை மாதத்தில் முதலில் நின்றுபோவதும் அந்தப் பிள்ளையே. அந்த மாதங்களுக்கு வீட்டுக்குப் போகும் முறைக்கு மாறிக்கொள்ளலாம் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரோடு பேசி வைத்துவிடுங்கள். வேனில் ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்கும் இதே விதிதான்: கண்ணில் படும் இடத்தில் இன்னொருவர். பேச முடியாத பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, சந்தேகம் எழுந்தால் பராமரிப்பாளர் புகார் செய்தே ஆக வேண்டும். தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் 15999 எந்நேரமும் இயங்கும்.

முதல் நாள் பை

இரண்டு செட் மாற்றுத்துணி, நாலு பெம்பர்ஸ், பிள்ளைக்குப் பழகிய கரண்டியும் தம்ளரும் வேண்டும். மருந்தை வேறு டப்பாவில் கொட்டாமல், ஆஸ்பத்திரி ஒட்டிய சீட்டோடு அதே பையில் கொண்டு வாருங்கள். காலை வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி விடுங்கள். அவசரத்தில் மறந்திருந்தால் ‘கொடுக்கவில்லை’ என்று எழுதத் தயங்காதீர்கள், அன்று நாள் முழுவதும் அந்தப் பிள்ளையின் மேல் ஒரு கண் கூடுதலாக இருக்கும். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலோ வேறெங்கோ கொடுத்த வருகை அட்டையையும் கொடுங்கள், அடுத்த தேதியை நிலையத்து நாட்காட்டியில் குறித்துக்கொள்வார்கள்.

முதல் வாரம் இரண்டு மணி நேரம் போதும். அம்மாவோ பாட்டியோ கூடவே இருந்து ஊட்டிக் காட்டட்டும். பிள்ளை எந்தப் பக்கம் தலை சாய்க்கும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், வலிக்கும்போது எப்படி முனகும் என்பதெல்லாம் எந்தப் பாரத்திலும் இல்லை. பணியாளர் அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நோட்டு தினமும் பையிலேயே போய் வரட்டும். நிலையத்தில் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குக் கழிவறை போனது என்று இந்தப் பக்கத்தில் எழுதினால், ராத்திரி எப்படித் தூங்கியது என்று அடுத்த பக்கத்தில் வீட்டிலிருந்து வரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தால் போனில் குரல் பதிவு அனுப்பச் சொல்லலாம்.